வெறும் குண்டான்

பத்து நாற்பதுக்கு அமுலுவின் மேசை மேல் இருந்த சின்ன விளக்கு சிவப்பானது.

பதினான்கு மாதங்களில் அது மஞ்சளானதைப் பல தடவை பார்த்திருக்கிறாள். சிவப்பைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. திரையில் ஒரு டோக்கன் எண் வந்தது: 212. அதன் கீழே ஒரு வரி: உயிருக்கு ஆபத்து, மூன்று மணி நேரத்துக்குள்.

எழுந்து பின்பக்கம் ஓடினாள். கேட்பறையின் கதவு திறந்து கிடந்தது. நாற்காலியில் யாரும் இல்லை. இருக்கையில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இன்னும் இருந்தது. அறைக்கு வெளியே மாடிப்படி. படியிலும் யாரும் இல்லை. மேலே ஏழு மாடிகள். கீழே தண்ணீர் லாரியைச் சுற்றி நூறு பெண்கள்.

அறைக்குப் பின்வாசல் வேண்டும் என்று கேட்டவள் அமுலுதான். முன்வாசல் வழியாக உள்ளே போனால் நாலு பேர் பார்ப்பார்கள், பைத்தியம் என்பார்கள், அப்புறம் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று சொன்னாள். கட்டிக் கொடுத்தார்கள். உள்ளே பேசுவது யாரென்று வெளியே உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியக் கூடாது என்றாள். பேர் கேட்கக் கூடாது, பித்தளை டோக்கனைக் காட்டினால் கதவு திறக்க வேண்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் சரி என்றார்கள்.

ஆற்றோரத்துக் குடிசைகளை இடித்து, ஆட்களை லாரியில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே முப்பது கிலோமீட்டர் தள்ளி, பதினாறு பிளாக்குகளில் கொண்டுவந்து இறக்கினார்கள். முதல் இரண்டு வருடத்தில் ஒன்பது பேர் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் டாக்டர் பத்மஜா ஒரு பெட்டியோடு வந்தார். அது கேட்கும், பதில் சொல்லும், எந்த நேரமும் அலுக்காது. காசு கிடையாது. ஆனால் அதற்கு இந்த ஜனங்களின் பேச்சு தெரியவில்லை.

"எடுத்தவொடனே மனசு எப்டி இருக்குன்னு கேட்டா எங்காளுங்க எழுந்து போயிடுவாங்க மேடம்" என்று அமுலு சொன்னாள். "சாப்டியான்னு கேக்கணும். அத்தக் கேட்டாத்தான் அழுகையே வரும்."

நகரத்தில் கண்ணாடி அறை ஒன்றில் அவளைப் பதினோரு நாள் பேச வைத்தார்கள். அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு, அவள் சொல்லாத வாக்கியங்களையும் அவள் குரலிலேயே சொல்லப் பெட்டி கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு குடியிருப்பில் ஒரு சாவும் இல்லை. மனசு விட்டுப் பேச முன்போல அமுலுவின் கதவைத் தட்டவும் ஆள் இல்லை.

போனை எடுத்தாள்.

"மேடம், செவப்பு."

"பார்த்தேன் அக்கா. டோக்கனோட பேரைத் திறந்துட்டேன். சிவப்பு வந்தா திறக்கணும், அது ரூல். கோமளா. சி பிளாக், மூணாவது மாடி. போலீசுக்கும் தகவல் போயிருக்கும்."

"கோமளாவா?"

"தெரியுமா?"

"அவ மத்தவங்கள சாவடிப்பா மேடம்."

"பெட்டி வார்த்தைய மட்டும் கேட்கிறதில்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல மூச்சு எப்படி நிக்குதுன்னு கேட்குது. மஞ்சள்ல ஒரு தடவைகூட அது தப்பா சொன்னதில்லை. ஓடுங்க."

அமுலு ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு காவலர்கள் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள். கோமளா வாசலில் அருவாமனையைப் போட்டுக்கொண்டு கவலை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்றாவது மாடி முழுதும் கூடிவிட்டது.

"இன்னா, மீனுக்கா வந்தீங்க?" என்றாள் கோமளா.

பெண் காவலர் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். கோமளா அருவாமனையை விட்டு எழுந்தாள்.

"நானா? நான் இன்னாத்துக்குமே சாவணும்? எம் புருசன வோணா கேட்டுப் பாரு. அவன்தான் தெனம் சாவறேன் சாவறேன்றான். இன்னிவரிக்கும் ஒரு நாளு சொன்னபடி செஞ்சதில்ல."

கூட்டம் சிரித்தது. பெண் காவலர் கையிலிருந்த தொடுதிரையில் விரலால் ஓர் இடத்தைத் தொட்டார். நலம். இருவரும் படியிறங்கிப் போனார்கள். இந்நேரம் மேசை விளக்கு பச்சைக்குத் திரும்பியிருக்கும்.

அமுலு போகவில்லை.

"உன் டோக்கன் எங்க கோமளா?"

"கொழாயாண்ட கீது."

"கொழாயாண்டயா?"

"தண்ணி லாரியும் பத்து மணிக்கு வருது, உன் பெட்டியும் பத்து மணிக்குத் தொறக்குது. லைன்ல கொடத்த வெச்சா ஒதச்சித் தள்றாளுங்க. டோக்கன வெச்சா எவளும் தொடமாட்டா. அது பெட்டி டோக்கனாச்சே, பயம். அப்பால, பெட்டியாண்ட போறவ கைக்குக் கெடச்சத எடுத்துனு போவா. எல்லாம் ஒண்ணுதான? கதவு தொறக்குதில்ல?"

"எத்தினி நாளா?"

"மொதல்லேந்தே."

பதினான்கு மாதம். எந்தப் பேரும் எந்தக் குரலுக்கும் சொந்தமில்லை.

"அத்த வுடு" என்று கோமளா மறுபடியும் மீனின் முன் உட்கார்ந்தாள். "காலைல பாக்கறேன், என் சொம்பு வாசல்ல கீது. எவளோ வெறுமனே வெச்சிட்டுப் போய்க்கீறா. ஒரு புடி அரிசி போட்டுக் குடுத்தா கொறஞ்சா பூடுவா?"

அமுலு அதைக் காதில் வாங்கவில்லை. படியில் இறங்கிக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டாள்.

"பச்சையாயிடுச்சே அக்கா."

"அது கோமளா இல்ல மேடம்." டோக்கன் கதையைச் சொன்னாள்.

"காலைல பேசின குரலப் போட்டுக் காட்டுங்க" என்றாள் அமுலு. "ஒரு வார்த்த போதும். யாருன்னு சொல்லிடுவேன்."

"குரல் இல்லை. பேசி முடிச்ச ஒரு நிமிஷத்துல அழிஞ்சிடும். நீங்க வெச்ச நிபந்தனைதான்."

"ஒண்ணுமே மிச்சமில்லயா?"

"மூச்சோட அளவு இருக்கு. அதை வெச்சு ஆம்பளையா பொம்பளையான்னுகூடச் சொல்ல முடியாது."

"போலீச மறுபடியும் அனுப்புங்க."

"பச்சை ஆனதை என்னால திறக்க முடியாது. மேலே எழுதிக் கேட்கணும். கேட்கிறேன். ஆனா சாயங்காலம் ஆயிடும் அக்கா."

மணி பதினொன்று இருபது.

அமுலு தண்ணீர் லாரிக்குப் போனாள். அவள் நெருங்க நெருங்கப் பேச்சு அடங்கியது. இது புதிதில்லை. பெண்கள் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. யாரிடமும் சொல்லாததையெல்லாம் இந்தக் குரலிடம் சொல்லியிருந்தார்கள். அந்தக் குரல் ஒரு வாயோடும் பல்லோடும் எதிரே வந்து நின்றால் அவர்களுக்குக் கூசியது. பெட்டியில் சொன்னது எதுவும் தனக்குத் தெரியாது என்று அமுலு ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தாள். நம்பியதாகத் தலையாட்டினார்கள். பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

"காலைல பெட்டிக்குப் போனது யாரு?" என்று கேட்டாள். "கடசியா பத்தரைக்குப் போனது. சொல்லுங்க, அவசரம்."

குடங்கள் நகர்ந்தன. யாரும் நிமிரவில்லை.

"எங்களக் கேக்கற?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நீதான கேட்டுனு இருந்த?"

சிலர் சிரித்தார்கள்.

"நான் கேக்கலடி. பெட்டி கேட்டுச்சி."

"ரெண்டும் ஒரே தொண்டதான?"

டி பிளாக் ரோசலின் மட்டும் நேராகப் பார்த்தாள். "அமுலு, நீ பெட்டியாண்ட ஒண்ணு சொல்லு. நாலு மாசமா காணாத என் தட்டு இன்னிக்கிக் காலைல வாசல்ல கீது. நல்லா கழுவித் தொடச்சி. ஆனா வெறும் தட்டு. எந்த ஊருப் பழக்கம் இது?"

"என் மொறமுந்தான் வந்துச்சி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "வெறுமனே."

அமுலு அப்படியே நின்றாள். கோமளாவின் சொம்பு இப்போதுதான் காதுக்குள் வந்தது.

ஆற்றோரத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. இரவல் வாங்கியது கிண்ணமோ குண்டானோ, திரும்பும்போது உள்ளே ஏதாவது இருக்கும். ஒரு பிடி அரிசி, நாலு மிளகாய், கொஞ்சம் சர்க்கரை. ஒன்றுமே இல்லாத வீட்டில் ஒரு வெற்றிலையாவது கிள்ளிப் போடுவார்கள். அடுத்த தடவையும் கேட்க வருவேன் என்பதற்கு அது அடையாளம். வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போகிறவளுக்கு அடுத்த தடவை இல்லை.

"யாராண்ட குடுத்த ரோசலினு?"

"யாருக்கு ஞாபகம்? கை மாறி கை மாறிப் போனது."

"மொறம்?"

"எம் மருமவ குடுத்தது. அவ வேலைக்குப் போய்க்கீறா."

முன்பெல்லாம் எந்த வீட்டுப் பாத்திரம் எந்த வீட்டில் இருக்கிறது என்று அமுலுவுக்குத் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவள் முயன்றதில்லை. ஆட்கள் வருவார்கள், பேசுவார்கள், அந்தப் பேச்சோடு பேச்சாகப் பாத்திரங்களும் வந்து போகும். இப்போது ஒன்றும் தெரியவில்லை.

தன் வீட்டுக்கு ஓடினாள். காலை ஏழு மணிக்குப் பூட்டிக்கொண்டு கிளம்பியவள். ஈ பிளாக், நாலாவது மாடி.

கதவோரம் ஓர் எவர்சில்வர் குண்டான் இருந்தது. மூடி போட்டிருந்தது. விளிம்பில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் அவள் பேர்: கு. அமுலு. மூடியைத் திறந்தாள். உள்ளே ஈரம்கூட இல்லை. துடைத்து வைத்திருந்தது.

இது யாரிடம் இருந்தது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

குடிசைகளை இடித்த அன்று காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. லாரி கிளம்பும் நேரத்தில் அமுலு இந்தக் குண்டான் நிறையக் கஞ்சி ஊற்றி, அடுத்த குடிசைப் பவுனுவின் மடியில் வைத்தாள். பவுனுவின் பையன் டில்லி அதை முழுதும் குடித்தான். பிறகு அமுலு குண்டானைக் கேட்கவில்லை. பவுனும் தரவில்லை. அவர்களுக்குள் அது ஒரு பெரிய விஷயமில்லை.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் டில்லி பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்தான். அதற்கு நாலு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. பெட்டி வந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் பவுனு இதே வாசலில் வந்து நின்றாள்.

"கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டுப் போட்டா?" என்று கேட்டாள்.

பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஊழியர் தானாக உட்கார்ந்து கேட்கக் கூடாது. அரைகுறையாகக் கேட்பது கெடுதல். "பெட்டியாண்ட போ பவுனு" என்றாள் அமுலு. "என்ன விட அது நல்லா கேக்கும்."

பிரியமாகத்தான் சொன்னாள். பவுனு தலையாட்டிவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை.

ஜி பிளாக், ஆறாவது மாடி. லிஃப்ட் வேலை செய்து மாதக் கணக்காகிறது. அமுலு குண்டானைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினாள். நாலாவது மாடியில் மூச்சு முட்டியது. நிற்கவில்லை.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். உள்ளே யாரோ நடப்பது நின்றது.

"பவுனு" என்றாள். மேற்கொண்டு வாயில் வந்தது பழக்கத்தில் வந்ததுதான். "சாப்டியா?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. கோபமில்லாத, களைத்த குரல்.

"இங்கயும் வந்துட்டியா? காலைலதான எல்லாம் சொன்னேன். போதும்."

"பெட்டி இல்ல பவுனு. நான் அமுலு."

"அதுவும் அப்டித்தான் சொல்லுது. அமுலு மாதிரியே."

"நான் இங்கதான் இருக்கேன். உன் வாசல்ல."

"நான் இருக்கேன்னு அதுவும் சொல்லுச்சி."

"அழுவணும்னா அழுதுடு பவுனு."

"அதயும் சொல்லுச்சி."

அவளுக்குத் தெரிந்த ஆறுதல் எல்லாவற்றையும் அந்தப் பதினோரு நாளில் கொடுத்துவிட்டிருந்தாள். எதை எடுத்தாலும் அது ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. தன் குரலில், தன்னை விடப் பொறுமையாக. உள்ளே நடை மறுபடி தொடங்கியது. கதவை விட்டு விலகிப் போகும் நடை. மணி பன்னிரண்டு பத்து.

கையில் இருந்த குண்டானைப் பார்த்தாள். எங்கிருந்தோ கோபம் வந்தது. நிஜமான கோபம். குண்டானால் கதவை அடித்தாள். மாடி முழுதும் அதிர்ந்தது.

"அடியே நாசமாப் போறவளே! இன்னா தைரியம் இருந்தா வெறும் குண்டான என் வாசல்ல வெப்ப? உங்கம்மா உன்ன அப்டித்தான் வளத்தாளா? கஞ்சி ஊத்திக் குடுத்தேன்டி இதுல. வழிய வழிய ஊத்திக் குடுத்தேன். மூணு வருசமா வெச்சினு ஆக்கித் தின்னுட்டு, தொடச்சி வெச்சிட்டு ஓடறியா? நான் இன்னா உனக்குப் பாத்திரக் கடையா? சொம்ப வெக்கற, தட்ட வெக்கற, ஊரெல்லாம் காறித் துப்புது. இதுல மூடிய வேற நெளிச்சி வெச்சிக்கீற!"

நடை நின்றது.

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அமுலு திரும்பிப் பார்க்கவில்லை. குண்டானை மறுபடி ஓங்கினாள்.

"நான் நெளிக்கல" என்றாள் பவுனு உள்ளேயிருந்து.

"பின்ன எவ நெளிச்சா?"

"லாரிலயே நெளிஞ்சிதான் இருந்துச்சி."

"பொய்யி! நான் குடுக்கறப்போ மூடி நல்லா இருந்துச்சி."

"நல்லா இருந்துச்சா?" குரல் கதவுக்கு அருகில் வந்திருந்தது. அதில் சூடு ஏறியிருந்தது. "உன் அம்மிக்கல்ல கொண்டாந்து அதுமேல வெச்சது யாரு? எம் மடிலயே வெச்ச, பாழாப் போனவ. அன்னிக்கி என் காலு எப்டி வீங்கிச்சின்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. நீ சொன்னியா?"

"நீ கேட்டியா?"

தாழ்ப்பாள் விலகியது.

பவுனு தலைக்குக் குளித்திருந்தாள். மடிப்புக் கலையாத புடவை. வீடு பெருக்கியிருந்தது. அலமாரியில் ஒன்றும் இல்லை. அடுப்பு மேடையில் ஒரே ஒரு டம்ளர், தட்டு போட்டு மூடியபடி. அமுலு அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பவுனு பார்த்தாள்.

அமுலு உள்ளே போய் டம்ளரை எடுத்து ஜலதாரையில் கவிழ்த்தாள். குழாயில் தண்ணீர் இல்லை. குடத்தில் மிச்சமிருந்ததைச் சாய்த்துக் கழுவிவிட்டாள். பிறகு அமுலு குண்டானை நீட்டினாள்.

"எதையாவது போட்டுக் குடு."

"வூட்ல ஒண்ணும் இல்ல அமுலு."

"அப்ப கடைக்கு வா. வாங்கிப் போட்டுக் குடு."

"இந்தப் பொடவைலயா?"

"ஆமா, உன்னப் பொண்ணு பாக்க வராங்க. வாடி."

இறங்கினார்கள். நாலாவது மாடித் திருப்பத்தில் பவுனு படியில் உட்கார்ந்தாள். அழத் தொடங்கினாள். அமுலு பக்கத்தில் உட்கார்ந்தாள். சொல்வதற்கு ஒன்றும் வரவில்லை. பெட்டியாக இருந்தால் சரியான ஒன்றைச் சொல்லியிருக்கும். அமுலு குண்டானை மடியில் வைத்துக்கொண்டு நெளிந்த மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் பத்மஜா அவளைக் கண்ணாடி அறைக்கு வரச் சொன்னார். பவுனுவை மருத்துவமனையில் அவரே பார்த்துவருகிறார். மாத்திரை ஒத்துக்கொள்கிறது. தூக்கம் வருகிறது. மற்ற நேரத்தில் பவுனு அமுலுவின் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறாள், சமையலில் குறை சொல்கிறாள்.

"ஒரு சின்ன வேலைதான் அக்கா" என்றார் டாக்டர். "அன்னைக்குக் கதவுக்கு வெளியில என்ன சொன்னீங்களோ, அதை அப்படியே மைக்குல சொல்லணும். அந்தக் கோபத்தோட. ஆறுதல் பலிக்காத இடத்துல அது பலிச்சிருக்கு. பெட்டிக்கு அது தெரியலை."

"சொன்னா?"

"இன்னும் நாப்பது குடியிருப்புக்குப் போகுது. சிவப்பு வர்றப்போ, வந்தவங்க எழுந்து போறதுக்குள்ள பெட்டியே திட்டும்."

"அப்பால நான் யாரத் திட்டறது?"

டாக்டருக்குப் புரியவில்லை.

"பெட்டி இல்லைன்னா அன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது அக்கா" என்றார் மெதுவாக.

"ஆமா மேடம்" என்றாள் அமுலு. "பெட்டி இல்லன்னா அவ என் வூட்ல வந்து ஒக்காந்திருப்பா. ரெண்டும் நெசந்தான்."

ஒலிவாங்கிக்கு மேலே ஒரு சிவப்புப் பொட்டு எரிந்தது. கேட்கத் தொடங்கிவிட்டது. அமுலு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாப்பது குடியிருப்பு. ஒவ்வொன்றிலும் எத்தனை கதவு.

"உங்க குரலப் போடுங்களேன் மேடம்" என்றாள். "திட்டறது நான் சொல்லித் தரேன். நல்லா வரும் உங்களுக்கு."

"என் குரலா?" டாக்டர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மேசையில் அவருடைய போன் இருந்தது. திரையில் ஒரு சின்னப் பெண்ணின் படம்.

"அப்போ நான் வீட்ல எந்தக் குரல்ல பேசறது?" என்றார்.

கேட்ட பிறகு அவர் அமுலுவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்புப் பொட்டு அணைந்தது.

அமுலு காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தாள். காலடியில் இருந்த பையை எடுத்தாள். அதற்குள் பவுனுவின் சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. நேற்று அதில் கருவாட்டுக் குழம்பு வந்தது. உப்பு அதிகம்.

"வண்டிய பஜாராண்ட நிறுத்தச் சொல்லுங்க மேடம்" என்றாள். "சக்கர வாங்கணும்."